பூநாரை காட்டப் போன படகு

ஜானட், எஞ்சின் விசிறியில் பக்கத்து ஊர் வலை சிக்கிக் கிழிந்தபோது, நம் வகுப்புக் கூட்டம் அதையும் ரீல்ஸ் எடுத்தது. எண்ணூர் ஆற்றுத் தீவில் பூநாரை காட்டுகிறேன் என்று அப்பாவின் படகைத் திருட்டுத்தனமாக ஓட்டிப்போன மாலுமி நான். அபூர்வப் பறவைகள் மொத்தம் மூன்று. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் புரண்டு, மூன்றும் காக்கா நிறத்தில் நின்றன.

கரையிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய், இன்னிக்கு எங்க ஊரு முறைடா! உனக்கு இன்னா வேலை இங்க?"

திரும்பிப் பார்க்காமல் ஓட்டிவந்துவிட்டேன். மாவீரன்!

அடுத்த ஊர் மீன்பிடிக்கும் முறை நாளில் நுழைந்து வலையைக் கெடுத்த படகுக்கு ஒரு மாதம் தொழில் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு. ராத்திரி பஞ்சாயத்து ஆள் வந்து விசாரித்துப் போனார். நான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா சிரிக்கிறார்.

"நம்ம படகு கட்ன எடத்துலயே கீது. காலைல மாதா கோயில்ல சத்தியம் பண்ணப் போறேன். நீயும் வந்து சொல்றியா நைனா?"