மக்டலின் வீட்டில் வித்தை இல்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவுக்குப் போகத் துறையில் காத்து நின்றபோது, முன்னால் நின்ற ஒரு பெண் தன் சிநேகிதியிடம் சொன்னது இது: "எங்கட மகளின்ர பிறந்தநாளுக்கு வித்தைக்காரர் வந்தவர். நான் படலையிலயே மறிச்சுப்போட்டன்."

அவ்வளவுதான். அதற்குள் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை கரைக்கு வந்துவிட்டது. நெரிசலில் அந்தப் பெண்ணைத் தவறவிட்டேன். பெயர் கேட்டிருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். கேட்காதபடியால் நானே ஒரு பெயர் வைத்தேன்: மக்டலின். திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலையும் கொடுத்தேன். கணவன் கிறிஸ்தோபர், கப்பல்களை இழுத்துவரும் படகில் என்ஜின் பார்ப்பவர். மகள் கிறிஸ்டினுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. காலம், எழுபதுகளில் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

துறைமுகக் குவாட்டர்ஸ் கூரைகளின்மேல் மாலை வெயில் பொன்னை உருக்கி—

(நிறுத்திவிட்டேன். மக்டலின் கோபமாக இருக்கிறாள். அவளுக்கு வெயிலைப் பார்க்க நேரமில்லை.)

2

கோபத்தின் காரணம் இராஜநாயகம் வீட்டில் நடந்தது. அவர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தர். அவருடைய மகனின் பிறந்தநாளுக்குக் குவாட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். வித்தை காட்ட புரொபெஸர் தம்பிராசா வந்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவர் வராவிட்டால் அது பிறந்தநாளே இல்லை என்று ஆகியிருந்தது.

தம்பிராசா கிறிஸ்டினை முன்னுக்கு அழைத்து, மந்திரச் சொல்லைச் சொல்லச் சொன்னார். கிறிஸ்டினுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே பிள்ளை மாட்டிக்கொண்டது. பின்வரிசைக் கதிரையில் இருந்த மக்டலின் பாதி எழுந்து அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிட்டாள். வீட்டிலும் அவளுக்கு அதுதான் வழக்கம். பிள்ளை தொடங்கும், தாய் முடிப்பாள்.

தம்பிராசா அதைக் காதில் வாங்கவில்லை. "ப-ப-ப" என்று பிள்ளையைப் போலவே சொல்லிக் காட்டினார். பிறகு பிள்ளையின் வாயருகே கையைக் கொண்டுபோய் ஒரு முட்டையை எடுத்தார்.

"பாவம் பிள்ளை, தொண்டைக்குள்ள முட்டை எல்லோ அடைச்சிருக்கு."

கூடம் அதிர்ந்தது. கிறிஸ்தோபரும் சிரித்தார். மக்டலின் அதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து கிறிஸ்டின் கதைப்பதை விட்டுவிட்டாள். பசித்தால் குசினி வாசலில் வந்து நின்றாள். ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலைதான்.

(ஓரக்குறிப்பு: தம்பிராசாவைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன், வரவில்லை. முட்டை வித்தை அவருடைய பழைய வித்தை. அன்று இரவு அவர் திருப்தியாகச் சாப்பிட்டிருப்பார். ஒரு வீடு நிறைந்த பிள்ளைகளைச் சிரிக்கவைத்தவர் வேறு எப்படிச் சாப்பிடுவார்?)

3

மகளின் பிறந்தநாளுக்கு வித்தைக்காரர் வேண்டாம் என்று மக்டலின் சொன்னதும் வீடு இரண்டாகியது. எல்லா வீட்டுக்கும் வருகிறவரை நாங்கள் மட்டும் வேண்டாம் என்றால் சனம் என்ன நினைக்கும் என்று கிறிஸ்தோபர் கேட்டார். நினைக்கட்டும் என்றாள்.

"அது பகிடிதானே, மக்டலின்."

"பகிடிதான். நீங்களும் சிரிச்சனீங்கள்."

கிறிஸ்தோபர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருடைய அக்கா, மக்டலினின் மச்சாள், விடவில்லை. வித்தை இல்லையென்றால் பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டு ஓடிவிடும் என்றார். கேக்கும் இல்லை என்றாள் மக்டலின். கோதுமை மாவுக்கு எங்கே போவது? அப்படியென்றால் பிள்ளைகள் வந்து என்ன செய்வது என்று மச்சாள் கேட்டார். அது மக்டலினுக்கும் தெரியாது, ஆனால் அதற்காகப் பின்வாங்குகிற ஆளில்லை அவள்.

இந்த இடத்தில் மக்டலின்மீதே எனக்கு ஒரு சந்தேகம். அவளுடைய கோபம் பிள்ளைக்காகவா, தனக்காகவா? கப்பல்காரர்கள்கூட மெச்சிய குரல் அவளுடையது. அந்தக் குரலுக்குப் பிறந்த பிள்ளை திக்குவது அவளுக்கு—

(இந்த வசனத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது. பாதியில் விடுகிறேன். அவளும் இதைத் தனக்குள் பாதியில்தான் விட்டிருந்தாள்.)

4

பக்கத்து வீட்டு ஜெஸீமா வழி சொன்னாள். கிண்ணியாக்காரி, நாலு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டத் தேவையில்லை, அவர்களை வேடிக்கை செய்ய விட்டால் போதும் என்பது அவளுடைய கட்சி.

"மாவைக் குழைச்சுக் குடுங்க, விரும்பினதப் புடிக்கட்டும். அவிச்சுக் குடுத்தா அவங்கவங்க புடிச்சத அவங்கவங்க திங்கட்டும்."

மக்டலினுக்கு அது பிடித்துப்போனது. யாரையும் முன்னுக்கு அழைக்கத் தேவையில்லை. பார்க்கிறவர் என்று ஒருவரும் இருக்கப்போவதில்லை. எல்லோருடைய கையிலும் மாவு இருக்கும்.

அரிசிதான் பிரச்சினை. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோக அப்போது தடை, வழியில் மறித்துப் பறித்தார்கள். ஜெஸீமா தன் தாய் வீட்டுக்குப் போய், தலையணை உறைக்குள் அரிசியை நிரப்பித் தைத்து, கைக்குழந்தையை அதன்மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். சோதனைக்கு வந்தவர் குழந்தை எழும்பிவிடும் என்று குரலைத் தணித்துப் பேசினாராம். சொல்லிச் சொல்லி இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பயறும் பனங்கட்டியும் சேர்த்துக் கொழுக்கட்டைக்குள் வைக்க உள்ளுடன் செய்தார்கள்.

கூப்பிட்ட வீட்டில் பிள்ளைகளுக்குக் குசினி வேலையா என்று மச்சாள் முகத்தைச் சுளித்தார். மக்டலின் உரலில் மாவை இடித்துக்கொண்டிருந்தாள். இடியைக் கொஞ்சம் பலமாகப் போட்டாள்.

5

பிள்ளைகள் வந்தார்கள். இராஜநாயகத்தின் மகனும் வந்தான். பாயில் சுற்றியிருந்து மாவைப் பிடித்தார்கள். நண்டு, நங்கூரம், ஆசிரியரின் மூக்கு, எதுவென்று செய்தவனுக்கே தெரியாத ஒன்று. ஒரு பிள்ளை பச்சை மாவைத் தின்றது. இன்னொன்று அழுதது. (அழாத பிறந்தநாளை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.) கிறிஸ்டின் தகப்பனின் படகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை, ஆனால் முழங்கை வரை மாவு.

அப்போதுதான் வெளிவாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. கறுப்புக் கோட்டுடன் தம்பிராசா. பின்காரியரில் அவருடைய பெட்டி. மச்சாள் தன் செலவில் சொல்லிவைத்திருந்தார்.

மக்டலின் மாவுக் கையோடு போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்டில இண்டைக்கு வித்தை இல்லை. சாப்பிட வாறதெண்டால் வாங்கோ. பெட்டி வெளியில நிக்கட்டும்."

"வெறுங்கையோட வந்து நான் என்ன செய்யிறது, தங்கச்சி? பிள்ளையளின்ர முகத்தைப் பாருங்கோ."

பிள்ளைகள் ஓடிவந்து படலையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வித்தை வேண்டும் என்பதும் உண்மைதான். அதை மறைத்தால் நான் மக்டலினுக்கு ஆதரவாகப் பொய் சொன்னவன் ஆவேன்.

தம்பிராசா படலைக்கு மேலால் குனிந்து கிறிஸ்டினைக் கண்டுபிடித்தார். அன்பாகத்தான் கேட்டார்.

"பிறந்தநாள்காரி எல்லோ. முந்தி மாதிரி மாமாவுக்குப் பக்கத்தில வந்து நிப்பீங்கள்தானே?"

"ஏ…" என்றாள் கிறிஸ்டின். "ஏ… ஏ…"

இராஜநாயகத்தின் மகன் வாயைப் பொத்தினான். மச்சாள் தலையைக் குனிந்துகொண்டார். மக்டலினின் நாக்கு நுனியில் முழுச் சொல்லும் வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்தாள். கிறிஸ்தோபரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய உதடுகளும் மகளோடு சேர்ந்து அசைந்தன, சத்தமில்லாமல். கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

"ஏ… ஏ… ஏலாது."

எங்கள் பக்கத்தில் முடியாதவரும் அதைத்தான் சொல்வார், மாட்டேன் என்பவரும் அதைத்தான் சொல்வார். கிறிஸ்டின் எதைச் சொன்னாள் என்பதில் படலையடியில் நின்ற ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

6

இனி முடிவு.

ஒரு முடிவில் தம்பிராசா மன்னிப்புக் கேட்கிறார், பெட்டியைத் திறந்து முட்டையைக் கிறிஸ்டினிடமே கொடுத்துவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அன்றோடு பிள்ளையின் திக்கல் பறந்துபோய்விடுகிறது. அதை எழுதினால் நானும் ஒரு வித்தைக்காரன்தான், தொண்டையிலிருந்து முட்டை எடுக்கிறவன்.

நடந்ததாக எனக்குத் தோன்றுவது இது. தம்பிராசா கோட்டைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் போட்டார். பெட்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு கொழுக்கட்டை தின்றார், அது யாருடைய மூக்கு என்று தெரியாமலே. மச்சாள் சாப்பிடாமல் போனார். போகும்போது, அடுத்த வருடம் இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையும் வராது, பார் என்றார்.

"வராட்டி நாங்களே எல்லாத்தையும் தின்னுறம், மச்சாள்" என்றாள் மக்டலின்.

அடுத்த வருடமும் அவள் வித்தைக்காரரைக் கூப்பிடமாட்டாள். அதுவரை எனக்குத் தெரியும். பாயை விரித்து, மாவைக் குழைத்துவைத்து, படலையைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கிறிஸ்டின் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் தானே பெயர் சொல்லி அழைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பாள். ஒரு பெயரைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் எடுக்கும்.

யார் வருவார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். அனுப்புவதும் விடுவதும் உங்கள் பாடு. அனுப்பினால், தன் பெயரை அவள் சொல்லி முடிக்கும்வரை வாசலில் நிற்கச் சொல்லி அனுப்புங்கள்.