விராலின் நான்காவது மரபணு

இரண்டு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்து தென்றல் கண்டுபிடித்தது, ஒன்று இல்லை என்பதைத்தான். பெரம்பலூர் கல்லூரியில் அவள் மீன்களின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஆராய்கிறாள். மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கிற சின்னஞ்சிறு துணுக்குகள் அவை. அவற்றுக்கான மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக, குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும். முப்பது கோடி வருடங்களுக்கு முன் மீன்களின் மரபணுத் தொகுதி மொத்தமும் ஒருமுறை இரட்டிப்பானது. கூடுதலாக வந்தவற்றில் பல பின்னாளில் தொலைந்தும் போயின. விராலில் அப்படி ஒரு குடும்பத்தின் ஆறு பேரில் நான்காவது காணோம் என்று கணினி சொன்னது.

“நெஜ மீன்லயும் ஒரு தடவ பாத்துட்டு எழுதுவோம்மா” என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி.

கணவன் சுதர்சனிடம் கடையில் ஒரு விரால் வாங்கி வரச் சொன்னாள். அவன் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். தூண்டிலைத் தொட்டே அறியாதவன், ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய குழியில் நாலு மணி நேரம் காத்திருந்து, ஒன்றை உயிரோடு பக்கெட்டில் கொண்டுவந்துவிட்டான்.

“ஐஸ்ல கெடக்குறது ஒனக்கு எதுக்கு? தண்ணி மேல செவப்பா குஞ்சுக் கூட்டம் ஒண்ணு மொதந்துச்சு. அதுக்குப் பக்கத்துலதான் மாட்டுச்சு” என்றான் பெருமையாக.

தென்றலின் முகம் மாறியது. “என்னங்க, அதோட குஞ்சுங்க அது. காவலுக்கு நின்ன மீனப் புடிச்சிட்டு வந்துட்டீங்க.”

அவன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். “அய்யய்யோ. இப்ப அறுத்துதான் ஆகணுமா?”

“துடுப்புல துளி போதும்.”

அவன் ஈரத் துணியால் மீனைப் பிடித்துக்கொள்ள, அவள் நகக்கண் அளவு நறுக்கிச் கெடாமலிருக்க எரிசாராயம் ஊற்றிய குப்பியில் போட்டாள். உடனே வண்டியை எடுத்தார்கள். பக்கெட் அவள் மடியில். மேட்டில் ஏறும்போதெல்லாம் சேலை நனைந்தது. குழியில் சிவப்புக் கூட்டம் சிதறாமல் அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது. விட்டதும் விரால் ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு நேராக அதன் அடியில் போய்ச் சேர்ந்தது. சுதர்சன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

மூன்று வாரம் கழித்து அந்தத் துடுப்புத் துண்டின் பரிசோதனை முடிவு வந்தது. நான்காவது இருந்தது. கணினியில் இருந்த மரபணு வரிசையில்தான் அந்த இடத்தில் ஓட்டை. வீட்டுக்கு வந்து சுதர்சனிடம் சொன்னாள்.

“அப்ப ஆறும் ஒண்ணாத்தான் இருக்கா?”

“இருக்கு. ரெண்டு வருஷம்தான் போச்சு.”

அவன் அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் ஆய்வேட்டில் அதற்கென்று வைத்திருந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, கணினி எங்கே தவறவிட்டது என்று நான்கு பக்கக் கட்டுரை எழுதினாள். அது வெளியானபோது சுதர்சன் ஷிஃப்ட்டிலிருந்து போன் செய்தான்.

“மாதிரி சேகரித்தவர்னு எம் பேரப் போட்டிருக்க! கேன்டீன்ல எல்லாருக்கும் காட்டுனேன். என்னான்னு கேக்குறானுவ. சொல்லத் தெரியல.”

“சாயந்தரம் வாங்க. மொதல்லேருந்து சொல்றேன்” என்றாள் தென்றல்.