முந்நூறு கிராம் குறையுது

தனசேகரன் விநாயகத்துக்குத் தர வேண்டியது எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மூட்டைக்குப் பத்து ரூபாய் கூலி, எண்ணூற்று நாற்பத்தாறு மூட்டை. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் தனசேகரனின் நெல் மண்டிச் சுவரில், பத்து மூட்டைக்கு ஒரு கோடு என்று விநாயகமே கரியால் இழுத்து வைத்திருந்தார். எண்பத்து நாலு கோடு, ஓரமாக ஆறு புள்ளி.

"செவுத்துக் கணக்கெல்லாம் செல்லாதுய்யா" என்றார் தனசேகரன். "கணக்குன்னா லேப்டாப்புல இருக்கிறதுதான். அது ஆன் ஆவட்டும், அடுத்த நிமிஷம் காசு."

லேப்டாப் ஆன் ஆகாமல் பன்னிரண்டு நாள் ஆகிறது. கடைசி லாரி லோடு ஏறிப் போன அன்று சாயங்காலமே, கூலி கேட்க விநாயகம் வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்த நேரம் பார்த்து அது உயிரை விட்டது. தனசேகரனின் அப்பா போனபோதுகூட மண்டியை அரை நாள்தான் மூடினார்கள். லேப்டாப்புக்குத் துக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

விநாயகத்துக்கு அவசரம் பல்லில் இருந்தது. போன வருஷம் மூட்டை சரிந்து முகத்தில் விழுந்ததில் மேல்வரிசை முன்பல் நாலும் போய்விட்டன. பல் செட் செய்து பல் டாக்டர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பாக்கி ஐயாயிரம் கொடுத்தால்தான் டப்பா கைக்கு வரும். நாளை ஞாயிற்றுக்கிழமை சிங்கவரத்தில் மச்சான் பேரனுக்குக் காதுகுத்து, இரண்டு கிடா. ஒரு வருஷமாக ரசஞ்சோறு தின்ற மனுஷன், இரண்டு கிடாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஈறால் குழம்பை நக்கிவிட்டு வருவதா? அவர் பெண்சாதி அம்மாக்கண்ணு வேறு, "உனக்கு ஈரல் மட்டும் வைக்கச் சொல்றேன்" என்று காலையிலேயே சிரித்தாள்.

அதனால்தான் சனிக்கிழமை மதியம் மண்டிக்கு வந்ததும், விநாயகம் மாஹிராவுக்குப் போன் போட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப்டாப், பிரிண்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். இந்த லேப்டாப்பைத் தனசேகரனுக்கு செகண்ட் ஹேண்டில் விற்றவளும் அவள்தான்.

"நான் வித்த மாலு செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றாராமே? ஸ்பீக்கர்ல போடுங்கணா" என்றாள். விநாயகம் போனை மேஜைமேல் வைத்தார்.

"அது போயிடுச்சும்மா" என்றார் தனசேகரன், போனைப் பார்த்துத் தலையை ஆட்டி. "பன்னெண்டு நாளா அமுக்கி அமுக்கி என் கட்டை விரலே தேஞ்சிப்போச்சு."

"சார்ஜர்ல பச்சை லைட்டு எரியுதாணா?"

"இல்லம்மா."

"சரி. வயரைப் புடுங்கிட்டு லேப்டாப்பைக் கவுத்து வைங்க. அடியில பேட்டரி இருக்கும். ரெண்டு பக்கமும் லாக்கைத் தள்ளினா வந்துடும். அதை எடுத்துட்டு பட்டனை முப்பது எண்ற வரைக்கும் அமுக்கிப் புடிங்க."

விநாயகம் லேப்டாப்பைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

முப்பது வருஷமாகத் தோள் கண்ட கணக்கு அது. எழுபத்தைந்து கிலோ மூட்டையில் எழுபத்தாறு இருந்தால் முதுகில் ஏறும்போதே சொல்லிவிடுவார். (தனசேகரன் கொள்முதல் செய்யும் மூட்டை எல்லாமே எழுபத்தாறுதான், அது தனிக்கதை.) இந்த லேப்டாப்பைத் தினம் காரிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து காருக்கும் சுமந்ததும் அவர்தான். முதலாளி சாவிக் கொத்தைத் தவிர எதையும் தூக்க மாட்டார்.

"கொறையுதே" என்றார் விநாயகம்.

"இன்னாய்யா கொறையுது?"

"எடை. ஒரு முந்நூறு கிராம் கொறையுது மொதலாளி."

"செத்துப்போனா எடை கொறையத்தான் செய்யும்" என்றார் தனசேகரன்.

கவிழ்த்துப் பார்த்தால், பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. விநாயகத்தின் மேல்வரிசை மாதிரியே நீளமாக ஒரு சந்து.

"பேட்டரியே இல்லம்மா."

"அது தானா விழாதுணா. ரெண்டு கையாலயும் தள்ளினாத்தான் வரும்."

தனசேகரன் கூரையைப் பார்த்தார். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும். மண்டின்னா எலி இல்லாமயா?"

"ரெண்டு கையாலயும் லாக்கு தள்ற எலி" என்றார் விநாயகம். "அதைப் புடிச்சா மூட்டை தூக்க வெச்சுக்கலாம் மொதலாளி. அதுக்கும் கூலி பாக்கி வெச்சுக்கலாம்."

"யோவ், வாய் நீளுதுய்யா உனக்கு."

"பல்லு இல்ல, தடுக்கறதுக்கு."

போனில் மாஹிரா சிரித்து முடித்தாள். "பேட்டரி இல்லன்னாலும் கரண்ட்டுலயே ஓடும்ணா. வேற பிளக்குல சொருகிப் பாருங்க."

"வேற பிளக்கு இல்ல" என்றார் தனசேகரன் அவசரமாக.

எதிர்ச் சுவரில் எடை மெஷின் சொருகியிருந்தது. இத்தனை நாள் சார்ஜர் சொருகியிருந்த, மேஜைக்குப் பின்னாலிருந்த பிளக்கில் போன மழையிலிருந்தே கரண்ட் கிடையாது. அது மண்டிக்கு வரும் நாய்க்குக்கூடத் தெரியும். லேப்டாப் சாவதற்கு முந்தின நாள்வரை சார்ஜர் எடை மெஷின் பக்கம்தான் இருந்தது என்பது அப்போதுதான் விநாயகத்துக்கு உறைத்தது.

"மெஷினைப் புடுங்காதய்யா! வெலை சொல்லிட்டுப் போன பார்ட்டி வருவாங்க!"

விநாயகம் புடுங்கினார். சார்ஜரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. பட்டனை ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான் அமுக்கினார். விர்ரென்று காற்றாடி சுற்றி, பன்னிரண்டு நாள் நெல் தூசியைத் தனசேகரனின் வெள்ளைச் சட்டைமேல் துப்பிவிட்டு லேப்டாப் எழுந்து உட்கார்ந்தது.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சே" என்றார் தனசேகரன். அவர் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை.

"ஒண்ணை நாலு தடவை அமுக்குங்கணா" என்றது போன். "நான் வெச்சுக் குடுத்தது. மாத்தச் சொல்லி மூணு வாட்டி சொன்னேன், கேக்கல."

அவள் சொன்னபடி திரையில் இருந்த மஞ்சள் பெட்டிப் படத்தைத் திறந்ததும் கூலிக்காரர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. விநாயகம் எழுத்துப் படித்ததே நாற்பத்தைந்து வயதுக்கு மேல். முதலில் பழகியது தன் பெயரைத்தான், ஆகவே தேட வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்துப் பக்கத்தில் இருந்ததைப் படித்தார். எட்டு, நாலு, ஆறு. திரும்பிச் சுவரைப் பார்த்தார். கரிக்கோடுகள் அப்படியே இருந்தன.

"இப்ப செவுத்துக்கும் லேப்டாப்புக்கும் ஒரே கணக்கா இருக்குது மொதலாளி."

தனசேகரன் மேஜை டிராயரைச் சாவி போட்டுத் திறந்தார். நோட்டுக் கட்டுக்கு மேலே கறுப்பாக, நீளமாக பேட்டரி படுத்திருந்தது.

"அட, இது இங்க எப்பிடி..."

"எலிகிட்ட சாவியும் இருக்குது போல" என்றார் விநாயகம்.

தனசேகரன் எச்சில் தொட்டு எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார். விநாயகம் வாங்கிக்கொண்டார், எண்ணவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார்.

"கொறையுது."

"யோவ், நோட்டுக்கும் எடை பாப்பியா?"

"அறுபது ரூபா கொறையுது."

நோட்டில் அறுபது ரூபாய் எடை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். தனசேகரனின் எடை விநாயகத்துக்குத் தெரியும். தனசேகரன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ஐம்பதும் ஒரு பத்தும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பல் டாக்டர் எத்தினி மணி வரைக்கும் இருப்பாரும்மா?" என்று விநாயகம் போனைக் கேட்டார்.

"சனிக்கெழமை ரெண்டு மணிக்கு ஷட்டரை இழுத்துடுவாரு. மணி ஒண்ணே முக்கால், ஓடுங்கணா!"

ஓடினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தோள் துண்டால் சுவரில் எண்பத்து நாலு கோட்டையும் ஆறு புள்ளியையும் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி ஓடினார்.