வெறுங்காலில் ஒரு மிதி

'டமார்!'

மண்டபத்தின் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்ததுபோல ஒரு சத்தம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டது. காது குத்த வந்த ஆசாரியின் கை நழுவி, புள்ளி வைத்த இடத்தைத் தாண்டி ஊசி கீறியது. பிஞ்சுக் காது மடலில் ஒரு சொட்டு ரத்தம்.

"எவன்டா அது?" குழந்தையோடு எழுந்தேவிட்டார் தாய்மாமன் கந்தவேல். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். "போர் போடற எடத்துலகூட இப்பிடிச் சத்தம் கேட்டதில்லடா!"

மல்லசமுத்திரம் மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் பின்பக்கம் திரும்பின. அங்கே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் கயல்விழி நின்றிருந்தாள். சத்தம் என்றால் சவுண்டு செட்டுக்காரிதானே பொறுப்பு?

மேடையில், பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிட்டாரோடு நின்றிருந்த கௌதமன் மட்டும் தன் காலைப் பார்த்தான்.

காலடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கிட்டாரின் ஒயர் அதற்குள் போய், அங்கிருந்து மிக்ஸருக்குப் போகிறது. காலால் மிதித்தால் போதும், பேஸ் தடிக்கும், உறுமும், பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி இறங்கும். மேலே இரண்டு பித்தான்கள். ஒன்றை மிதித்தால் ஓசை மாறும். இரண்டும் சேர்ந்து அமுங்கினால் பெட்டி சுருதி பார்க்கப் போய்விடும். கிட்டார் சத்தம் வெளியே வராது. மறுபடி மிதித்தால்தான் வரும்.

எப்போதும் ஷூவின் முனையால் மிதிப்பான். இன்றைக்கு மேடையில் குலதெய்வப் படமும் விளக்கும் வைத்திருந்ததால், "செருப்பு, ஷூ எல்லாம் கீழயே உட்ருங்க சாமி" என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பாதத்தால் மிதித்ததில் இரண்டு பித்தானும் சேர்ந்து அமுங்கியிருக்கிறது. பக்கத்தில் டிரம்ஸ் அதிர்ந்த அதிர்வில், தன் சத்தம் வராதது அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பாட்டு அப்படியே ஓடிவிட்டது. மூன்றாவது பாட்டில் தற்செயலாகக் குனிந்தான். பெட்டியின் சின்னத் திரையில் சுருதி முள் ஆடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் மிதித்தான். அதே வேகத்தில் தடித்த தந்தியை இழுத்தான்.

ஆனால் இவ்வளவு பெரிய சத்தமா? எத்தனையோ முறை இப்படி மிதித்து எடுத்திருக்கிறான். ஒருமுறைகூட வெடித்ததில்லை.

"கௌதமா, உன் பக்கம் ஏதாச்சுமா?" இசைக்குழுவை நடத்தும் தனசேகர் ஓடிவந்தார்.

"இல்லீங்கண்ணா." யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. "என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு, பெட்டியைக் காலாலேயே மேடை ஓரத்து மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால் தள்ளினான்.

போன ஆடியில் இதே தனசேகர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. "கீபோர்டுல எடது கையை வெச்சா பேஸ் வந்துட்டுப் போவுது. அதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?" அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கினான். அதன் உறுமலைக் கேட்டு அவர் அந்தப் பேச்சை நிறுத்தினார். இப்போது போய், பேஸே இல்லாமல் இரண்டு பாட்டு ஓடியது, ஒருவரும் கவனிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

தனசேகர் நேராகக் கயல்விழியிடம் போனார்.

"ஏம்புள்ள, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா நிக்கற? கொழந்தைக்கு ரத்தம் வந்துருச்சு பாரு! இன்னையோட உன் செட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல."

"தப்புதாங்கண்ணா." அப்பா போனபிறகு அவள் தனியாக செட்டைக் கையிலெடுத்த முதல் வருடம் இது. தனசேகரின் கச்சேரிகளை நம்பித்தான் எடுத்தாள். அது கௌதமனுக்குத் தெரியும்.

குழந்தைக்கு மறுபடி புள்ளி வைத்துக் குத்தி, கம்மல் போட்டு, கந்தவேலையும் சமாதானப்படுத்திப் பந்திக்கு உட்கார்ந்தார்கள். இலையில் கிடாக் கறி ஆவி பறந்தது. கௌதமன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன தம்பி, கறியவே பாத்துக்கிட்டிருக்கற?" பக்கத்து இலையில் பாடகி ரஞ்சிதா. "ஆடு எந்திரிச்சு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

சிரிக்க முயன்றான். வரவில்லை.

அப்போது கயல்விழி வந்தாள். கையில் ஸ்குரூ டிரைவர், நெற்றியெல்லாம் வியர்வை. அந்தச் சத்தத்தில் கிழிந்த ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தவள், இன்னும் சாப்பிடவில்லை.

"அண்ணா, உங்க பெட்டிக்கு ஒண்ணும் ஆவலீங்களே? என்னால ஏதாச்சும் கெட்டிருந்தா சொல்லிப்போடுங்க. சரி பண்ணித் தாரேன்."

எதிர்வரிசையில் தனசேகர் இடது கையால் போனைக் காதில் வைத்திருந்தார். "ஓமலூர் செட்டுக்காரருங்களா? அடுத்த வாரம் நீங்களே வந்துருங்க..."

கௌதமன் பாதி இலையில் எழுந்தான்.

"அண்ணா, போனை வெய்யுங்க. அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. சத்தம் என் காலால வந்தது."

எச்சில் கையோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வெறுங்காலால் மிதித்தது, இரண்டு பாட்டு போனது, பதறி மறுபடி மிதித்தது, கேட்டபோது பொய் சொன்னது.

தனசேகர் போனைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"ரெண்டு பாட்டா? பேஸ் இல்லாமயா? எனக்கு ஒண்ணுமே தெரியலையேடா. ஏம்மா ரஞ்சிதா, உனக்கு?"

ரஞ்சிதா கௌதமனைப் பாவமாகப் பார்த்து, மெல்ல உதட்டைப் பிதுக்கினாள்.

"பாடறவளுக்குத் தெரியல, குழு நடத்தறவனுக்குத் தெரியல. இத்தன சனம் கேட்டுச்சு, ஒருத்தருக்கும் தெரியல." தனசேகர் இலையை மூடினார். "அப்பறம் உன்னை எதுக்குடா நான் வேன்ல ஏத்திக்கிட்டுத் திரியறேன்?"

கௌதமன் தலையைக் குனிந்துகொண்டான். விரல்களில் குழம்பு காய்ந்து இழுத்தது.

பின்னாலிருந்து கயல்விழியின் குரல் வந்தது.

"எனக்குத் தெரிஞ்சுதுங்கண்ணா. பேஸ் நின்னதும் பாட்டே அந்தரத்துல தொங்குச்சு, என் ஒயர்லதான் கோளாறுன்னு பயந்து மிக்ஸர்ல அவரு கிட்டார் சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சிருந்தேன்."