மூடாத கண்

எங்க அண்ணன் தாவீது பேரை என் எதிர்ல எடுக்காதீங்க. எடுத்தா இன்னிக்கும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு எரியுது.

என் ஊட்டுக்காரர் எபினேசர் வெல்டர். கும்மிடிப்பூண்டியில இரும்பு கம்பெனி வேலை. ரெண்டாயிரத்தி எட்டுல காண்ட்ராக்டர் அவரை இமாச்சல் மலைக்கு அனுப்பினான், அணை கட்ற எடத்துக்கு. காட்டுக்குள்ளயே தகர ஷெட்டு போட்டு தங்கினாங்களாம். திரும்பி எங்க ஊரு ஆரம்பாக்கம் வந்தவரு, முதுகு எரியுதுன்னு துடிச்சாரு. அப்பறம் மூஞ்சி இடது பக்கமா தொங்கிப்போச்சி. தண்ணி குடிச்சா வாயோரம் ஒழுகும். இடது கண்ணு மூடவே மூடாது. படுக்கும்போது அதுமேல நான் ஈரத்துணி போட்டு வெப்பேன்.

டாக்டர் ரத்தத்தை எல்லா டெஸ்டும் பண்ணச் சொன்னாரு. லேப்ல இருந்த தணிகாசலம் எங்க அண்ணனுக்கு சிநேகிதன். எங்களுக்கு ரிசல்ட் சொல்றதுக்கு முன்னாடியே அண்ணன் காதுல ஓதிட்டான், "உன் மச்சானுக்கு மேகநோய்டா. எவகிட்டயோ போய் வாங்கிக்கினு வந்துகிறான்"னு.

அந்த ஞாயித்துக்கிழமை சபையில இராப்போஜனம். நாங்க குடும்பம் குடும்பமா பாய்ல உக்காந்து, ஒரே கிண்ணத்துல திராட்சரசத்தை ஒருத்தர் குடிச்சி அடுத்தவங்க கையில குடுப்போம். மனசுல எதையாவது வெச்சிக்கினு குடிச்சா கர்த்தர் அடிப்பாருன்னு எல்லாருக்கும் பயம். இவரு கிண்ணத்தை வாயில வெச்சாரு. கோணவாயில ரசம் நிக்கல. வெள்ளைச் சட்டையில கொட்டிப்போச்சி.

"பாத்தீங்களா! கர்த்தரே துப்ப வெச்சிட்டாரு!"

தாவீது இப்படி கத்திக்கினே பாய்ஞ்சி வந்து இவரு மூஞ்சியில குத்தினான், மோதிரம் போட்ட கையால. முடியைப் புடிச்சி வாசல் வரைக்கும் தரதரன்னு இழுத்தான். வெளிய தள்ளி வயித்துலயே மிதிச்சான். "எவகிட்டடா போன? என் தங்கச்சிக்கு இன்னாடா கொண்டாந்து குடுத்த?"

"போகல மச்சான்... சத்தியமா போகல." கோணவாயில அதுவும் குழறிச்சி. பாஸ்டர் கண்ணை மூடிக்கினு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு நின்னாரு. நல்ல ஸ்தோத்திரம் போ!

நான் வாசல்ல கெடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி எங்க அண்ணன் முதுகுல போட்டேன். "என் புருஷன் தப்பு பண்ணா நான் கேட்டுக்கறேன். நீ யாருடா கேக்கறதுக்கு?" அவன் குப்புற விழுந்தான். நான் இன்னொரு போடு போட்டேன்.

ரத்தம் வழியற மூஞ்சியில துண்டைக் கட்டி, ரயிலேத்தி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். ரயில்ல கேட்டேன், "உண்மைய சொல்லுங்க, போனீங்களா?" அவரு என் கையை எடுத்து, சத்தியம் பண்றாப்புல தன் தலைமேல வெச்சிக்கினாரு. எனக்கு அது போதும்.

அங்க ஒரு லேடி டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, மலையில பூச்சி ஏதாவது கடிச்சதான்னு கேட்டாங்க. தொடையில உண்ணி கடிச்சதையும், அதைப் பிச்சிப் போட்டப்பறம் சுத்தி செவப்பா வட்டம் பரவினதையும் இவரு அப்பத்தான் சொன்னாரு. முதுகுத் தண்டுலேந்து தண்ணி எடுத்து, ரத்தத்தோட சேத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வந்தப்பறம் என்னை உக்கார வெச்சி சொன்னாங்க.

"கிருமி உள்ள வந்தா அதை எதிர்க்க உடம்பே ஆன்டிபாடின்னு ஒண்ணு செய்யும்மா. உண்ணிக் கிருமியும் மேகநோய்க் கிருமியும் பங்காளிங்க. ஒண்ணுக்கு செஞ்ச ஆன்டிபாடியப் பாத்துட்டு இன்னொண்ணுன்னு டெஸ்டு தப்பா காட்டிடும். ரத்தத்துல இருக்கற அளவைப் பாத்தா முதுகுத் தண்ணியில உண்ணி ஆன்டிபாடி இவ்ளோ இருக்கக் கூடாது. நரம்புக்குள்ளயே உக்காந்து உண்ணிக் கிருமியோட சண்டை நடக்குது. உன் வீட்டுக்காரர் எந்தத் தப்பும் பண்ணல."

ஆஸ்பத்திரின்னு கூட பாக்காம ஓன்னு அழுதேன்.

ஊசி மருந்து ஏத்த ஏத்த முதுகு எரிச்சல் அடங்கிச்சி. போகப்போக வாயும் நேராச்சி. இடது இமை கூட மூட ஆரம்பிச்சிது. ஆனா அந்தக் கண்ணுல பார்வை வரல. அடி வந்தா எல்லாருக்கும் இமை தானா மூடிக்கும், இவருக்கு மூடலம்மான்னு கண்ணு டாக்டர் சொன்னாரு. தாவீது மோதிரம் நேரா கருவிழியைக் கிழிச்சிட்டுது.

விஷயம் தெரிஞ்சி தாவீது ஓடிவந்து இவரு கால்ல விழுந்தான். "வுடு மச்சான், தெரியாம பண்ணிட்ட"ன்னு இவரு தூக்கி விட்டாரு. மனுஷனா இவரு!

அடுத்த இராப்போஜனத்துல இவரு ஒரு சொட்டு சிந்தாம குடிச்சிட்டு கிண்ணத்தை என் கையில குடுத்தாரு. எனக்கு அந்தாண்ட தாவீது, அழுதுக்கினே கையை நீட்டிக்கினு இருந்தான். எனக்கு மன்னிக்க வரல. மனசுல அதை வெச்சிக்கினு குடிக்கக் கூடாதில்ல? நான் குடிக்கல. கிண்ணத்தை அவன் தலைக்கு மேலயே நீட்டி, பின்னாடி பாய்ல இருந்த மணியம்மாள் கையில குடுத்துட்டேன்.