நடுவா, தலையா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் வரவில்லை, இடுப்பு வலியில் வந்தது. உட்கார்ந்து எழுதியே இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். சைக்கிள் ஓட்டுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். கடையில் ஒன்று வாங்கி ஓட்டினேன். அது இடுப்பில் இருந்த வலியை எடுத்துக் கழுத்தில் வைத்தது.

ஆளுக்கு அளவெடுத்து எஃகுக் குழாயில் சைக்கிள் ஃபிரேம் செய்து தருகிற பட்டறை ஒன்று சலவைக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போய் நின்றேன். நீளமான ஒற்றை அறை. வாசல் பக்கம் தம்பியின் மேசை: வைஸ், அரங்கள், எங்கும் இரும்புத் தூள். உள் கோடியில் அக்காவின் இடம்: கேஸ் சிலிண்டர், தீ கக்கும் டார்ச், வெள்ளிக் கம்பி. மொத்தப் பட்டறையுமே இந்த இரண்டு பேர்தான். தம்பி குழாயை அறுத்து, அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருந்தவைப்பான். அக்கா மூட்டுகளில் வெள்ளியை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைப்பாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, அவளைவிட மூத்த சலவைக்காரர் உட்பட.

அக்கா என்னைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, அதைக் காலிடுக்கில் மேல்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கால் நீளத்தை அப்படித்தான் அளப்பார்களாம். (புத்தகத்தால் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.)

"காலு குட்டை, உடம்பு நீளம்," என்றாள்.

"ரெண்டு ஆளை நடுவுல ஒட்டின மாதிரி இருக்காரு," என்றான் தம்பி, அரத்தை நிறுத்தாமல்.

"உங்களுக்குன்னு தனியாத்தான் செய்யணும் சார்," என்றாள் அக்கா. "முன்னாடி நிறைய பேர் நிக்கிறாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம். சும்மா வந்து உக்காந்திருக்கிறதுன்னா உக்காருங்க, அதுக்கு வரிசை இல்ல."

உட்கார்ந்தேன். திருத்தி எழுதும்போது இந்த அளவெடுக்கிற இடத்தை அடித்துவிடத்தான் நினைத்தேன். கதாசிரியரின் கால் நீளம் யாருக்கு வேண்டும்? பிறகு விட்டுவைத்தேன். நீங்களும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "தீயின் நீல நாக்கு எஃகை மெல்ல முத்தமிட்டபோது அவள் கண்களில்"

இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "முத்தமெல்லாம் குடுக்காது சார். கொஞ்சம் அசந்தா ஓட்டை போட்டுரும்," என்றாள். அவள் கண்களில் என்ன இருந்தது என்றும் நான் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி நான்கு நாள்"

பரவாயில்லை. ஆனால் ஏன் நிறுத்தினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், நான் பின்னோக்கி ஓட வேண்டிவரும். எனக்கு இடுப்பு வலி. ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

3

சைக்கிள் ஃபிரேமில் சீட்டைத் தாங்கும் குழாய் ஒன்று நிற்கிறது அல்லவா, அதை அளப்பதில்தான் எல்லா வம்பும். கீழே பெடல் அச்சிலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும். எதுவரை? படுக்கைவாட்டில் ஓடுகிற பார் வந்து சேருமே, அந்த இடத்தின் நடுவரை அளப்பது அக்காவின் வழக்கம். குழாயின் தலை விளிம்புவரை அளப்பது தம்பியின் வழக்கம். இரண்டும் சரிதான். உலகத்தில் இரண்டு கட்சியும் இருக்கிறது. அவர்கள் வேலை பழகிய இடங்கள் வேறு வேறு, அவ்வளவுதான். வித்தியாசம் இரண்டு விரல் அகலம் வரும்: நடுவுக்கென்று சொன்ன எண்ணைத் தலைவரை அளந்து அறுத்தால் குழாய் அவ்வளவு குட்டையாகிவிடும்.

அதனால் ஒவ்வொரு ஃபிரேமிலும், இந்தக் குழாயை அறுப்பதற்கு முன்னால், வாசல் கோடியிலிருந்து தம்பி சத்தம் போடுவான்.

"நடுவா, தலையா?"

உள் கோடியிலிருந்து பதில் வரும். "நடுதான். என்ன புதுசாக் கேக்குற?"

"எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்க்கா."

"நடுவுல வயிறு இல்லேன்னா தலைக்கு ஏதுடா சோறு? அறு."

அவனும் சிரித்துக்கொண்டே நடு என்று கணக்கு வைத்து அறுப்பான். சலவைக்காரருக்குக்கூட இந்த வசனம் மனப்பாடம்.

* (நட்சத்திரக் குறிப்பு: தம்பி சிரித்துக்கொண்டே அறுத்தான் என்று எழுதியிருக்கிறேன். அவன் எனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பான். சிரித்தான் என்பது என் ஊகம்.)

4

இனி பல் டாக்டர் வருகிறார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், காலும் நீளம், உடம்பும் நீளம். அவருக்குத்தான் அப்போது ஃபிரேம் தயாராகிக்கொண்டிருந்தது. நல்லவர். வாய்தான் ஓயாது. மற்றவர்களின் வாயைத் திறந்துவைத்துவிட்டுத் தன் வாயால் பேசுகிற தொழில் அவருடையது.

அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் குடைச்சல். போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தாள். பஞ்சை அடைத்து, குழாயை மாட்டி, குடையத் தொடங்கியபோது டாக்டர் ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் திறங்க. ம், அப்படித்தான். உங்க தம்பி பெயிண்ட் கலர் காட்ட வந்தாரு. ஃபாக்டரியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே? சந்தோஷமான விஷயம்."

"ஆ?" என்றாள் அக்கா.

"வலிக்குதா? முடிஞ்சிரும். சனிக்கிழமை ஃபோன் பண்ணுவாங்களாம், அன்னிக்கே பதில் சொல்லணுமாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க அக்காதானே."

"ஆ! ஆஆ!"

"நாக்கை அசைக்காதீங்க."

பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே நின்றவன் போகப்போகிறான். அதைத் தன்னிடம் சொல்லாமல் ஊருக்கே பல் பிடுங்குகிறவரிடம் சொல்லியிருக்கிறான். அவளால் 'அப்படியா' என்றுகூடக் கேட்க முடியவில்லை. மரத்துப்போன கன்னத்தோடு வீட்டுக்கு நடந்தாள். மரப்பு மாலைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

5

அக்கா பேசவில்லை. ஏன் என்று தம்பி கேட்கவில்லை. அவனுக்கும் குறுகுறுப்பு இருந்தது. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே அறையில் இருந்தால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு இருமுவதற்குக்கூடப் பயமாக இருந்தது.

டாக்டரின் அளவு கரும்பலகையில் இருந்தது, அக்காவின் கையெழுத்தில். தம்பி அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். அறுத்தான்.

அக்கா குழாய்களை வாங்கிப் பற்றவைத்தாள். வழக்கமாகச் சரிபார்ப்பாள். அன்று சரிபார்க்க வேண்டுமென்றால் அவன் மேசைக்குப் போய் அளவு நாடாவை எடுக்க வேண்டும். போகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: கோபத்தில் பற்றவைத்த மூட்டுகள் அத்தனை சுத்தமாக வந்திருந்தன. வெள்ளி ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போக டாக்டர் வந்தார். ஃபிரேமுக்குப் பக்கத்தில் நின்றார். ஒட்டகம் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற மாதிரி இருந்தது. அக்கா நேரே தம்பியின் மேசைக்கு நடந்து, நாடாவை எடுத்து வந்து அளந்தாள்.

"எதுவரைக்கும் அளந்த?" நான்கு நாள் கழித்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தலைவரைக்கும்."

"நடுன்னு தெரியாதா?"

"நீ சொல்லலயே."

"நீ கேக்கலயே!"

"சீட்டை உசத்திக்கிட்டா போச்சு," என்றார் டாக்டர்.

"அளவெடுத்துச் செஞ்ச ஃபிரேம்ல சீட்டை உசத்தி ஒப்பேத்தணும்னா, எங்ககிட்ட எதுக்கு டாக்டர் வரணும்?" என்ற அக்கா, தம்பி பக்கம் திரும்பினாள். "போறவனுக்கு இனிமே அளவு எதுக்கு? அப்படித்தானே?"

தம்பி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மேற்கூரையைப் பார்த்தார்.

"போறேன்னு இன்னும் சொல்லலக்கா."

"ஏன்டா போகணும்? என்ன குறை உனக்கு இங்க?"

"அங்க நான் வரைஞ்சா, வரைஞ்ச மாதிரியே செய்வாங்களாம். இங்க எத்தனை தடவ கேட்டிருப்பேன், நடுவா தலையான்னு? ஒரு தடவயாவது தலைன்னு சொல்லியிருக்கியா?"

இத்தனை காலமும் அது ஒரு கேள்வி என்றே அக்காவுக்குத் தெரியாது. காலை வணக்கம் மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தாள். அன்று முழுக்க டார்ச்சைப் பற்றவைக்காமல், வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

6

இங்கே எனக்கொரு சந்தேகம். தம்பி வேண்டுமென்றே அறுத்தானா? கதைக்கு அதுதான் காரமாக இருக்கும். அப்படியே ஒரு பக்கம் எழுதினேன். "பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பழிவாங்கும் புன்னகையோடு, அவன் ரம்பத்தை"

அவனிடமே கேட்டேன். "கேக்காம இருந்தா கை பாட்டுக்கு அதோட வழியில போயிருச்சு சார். அறுத்த அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லலாம்னா, பேச்சு இல்லையே," என்றான். நம்புகிறேன். பழிவாங்கும் புன்னகையை அடித்துவிட்டேன். (ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கதை நகரவில்லை என்றால் பாத்திரத்தை வில்லனாக்குவது எங்கள் தொழில் வழக்கம்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: தவறாகப் போன ஃபிரேம், ஊருக்கெல்லாம் செய்து தனக்கென்று ஒன்று செய்துகொள்ளாத அக்காவுக்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. அவள் அதில் ஏறிப் போகிறாள், தம்பி கண்ணைத் துடைக்கிறான். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன். வாசித்துக் காட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பில் சலவைக்காரர் எட்டிப் பார்த்தார். "பார் நீளத்தைப் பாத்தீங்களா சார்? டாக்டர் உடம்புக்குச் செஞ்சது. நான் ஏறினா ஹேண்டில் பக்கத்து வீட்டுல இருக்கும். அது கதைக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாது."

இரண்டாம் முடிவு: தம்பி பஸ் ஏறுகிறான். அக்கா அந்த ஃபிரேமிலேயே பாய்ந்து ஏறி, காற்றாய்ப் பறந்து, பஸ்ஸை மறித்து

சக்கரம் இன்னும் மாட்டவில்லை.

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது, கொக்கியில் தொங்கிய ஃபிரேமையும் என்னையும் தம்பி மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இங்க வாயேன்," என்றான். என்னை மறுபடி சுவரோரம் நிறுத்தினார்கள். மறுபடி புத்தகம். கால் குட்டை, உடம்பு நீளம். சீட்டுக் குழாய் குட்டை, பார் நீளம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"தப்பாச் செஞ்சதுக்குன்னே பொறந்திருக்காரு," என்றான் தம்பி.

அப்போது அக்கா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "இதைச் சூடு காட்டிப் பிரிச்சு, சீட்டுக் குழாயை மட்டும் மாத்தி டாக்டருக்குச் சரிபண்ணிடலாம். ஆனா ஒருத்தர் சூடு காட்டணும், ஒருத்தர் இழுக்கணும். இவன் போயிட்டா ஒத்தை ஆளாப் பிரிக்க முடியாது. அப்ப இது உங்களுக்குத்தான் சார். இங்க தொங்கவிட்டுப் பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

விளங்கியதா? தம்பி இருந்தால் ஃபிரேம் டாக்டருக்கு. தம்பி போனால் ஃபிரேம் எனக்கு.

8

சனிக்கிழமை. நான் என் ஸ்டூலில் இருக்கிறேன். தம்பி சலவைச் சட்டை போட்டு வந்திருக்கிறான். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டருக்கான புதுக் குழாயை வைஸில் இறுக்குகிறான். போகிற நாளிலும் கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

உள் கோடியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அக்கா சத்தம் போடுகிறாள்.

"நடுவா, தலையா?"

தம்பியின் கை நின்றுவிட்டது. "என்னது?"

"காது கேக்கலயா? நடுவா, தலையா? உன்னைத்தான்டா கேக்குறேன்."

அவன் குழாயைப் பார்த்தபடி நிற்கிறான். "நடுதான்க்கா. என்ன புதுசாக் கேக்குற?"

"இல்ல, தலைன்னு வச்சுக்கலாம்."

"வேணாம். எனக்கு நடு பழகிப்போச்சு."

"உன்னைப் பழகச் சொன்னது யாரு? இனிமே தலைன்னா தலை!"

"நடுதான்னு சொல்றேன்ல!"

"பெரியவ சொன்னா கேளுடா!"

இருவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். கண்ணில் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. அப்போது மேசையில் ஃபோன் அடிக்கிறது.

இரண்டு பேரும் அதையே பார்க்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.

மிச்சம் ஒரு வரிதான். அதை நான் எழுதுவது முறையில்லை. தன் வீட்டு வழக்கைத் தானே விசாரிக்கிற நீதிபதி உண்டா? இந்தக் கதையின் ஒரு முடிவில் எனக்கு ஒரு சைக்கிள் வருகிறது. தம்பி இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், சத்தியமாக. ஆனால் பேனாவை எடுத்தால் இடுப்பு வலிக்கிறது, கொக்கியில் தொங்குவதைக் கண் பார்க்கிறது. என்னை நம்பாதீர்கள். உங்களுக்கு அந்த ஃபிரேமில் ஆசை கிடையாது, உங்கள் கால் நீளம் வேறு. ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்களே எடுங்கள். என்ன பதில் சொல்ல வேண்டுமோ, சொல்லுங்கள்.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று பெடல் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு நடுவும் கிடையாது, தலையும் கிடையாது.