ராமர் வீட்டு ஆண்

வியாகுலம்மாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் நின்று மகள் ஐரின் போனில் பேசியது காதில் விழுந்தது.

"ஆண் கிடைச்சாச்சு சார். ராமர் வீட்லதான். ரெண்டு தடவ நல்லா பாத்துட்டேன், சந்தேகமே இல்ல. மீசையே காட்டிக்குடுத்திருச்சு, அம்புட்டு முடி."

அரிவாள்மணையில் கை நின்றது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் தனக்குக் கிடையாது என்று நாகல் நகர் முழுக்கச் சொல்லிக்கொள்பவள்தான் வியாகுலம்மாள். ஆனால் காது தானாகப் போய் நின்றால் அவள் என்ன செய்வாள், பாவம்.

"ஒருத்தன் இல்லாம இத்தன மாசமா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் சார். நாளைக்கே உங்ககிட்ட அனுப்பி வைக்கிறேன். நீங்க பாத்து சரின்னுட்டா போதும்."

வியாகுலம்மாள் நறுக்கிய முருங்கைக்காயையே மறுபடி நறுக்கினாள். பதறாமல் என்ன செய்வாள்? ஐரினுக்கு வயது முப்பத்திரண்டு. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பூச்சி ஆய்வகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'பூச்சி டாக்டர்' என்று பெருமையாகச் சொல்வாள் தாய்க்காரி. பூச்சிக்கு வைத்தியமா, பூச்சியை ஒழிக்க வைத்தியமா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் மகளிடம் கேட்டதில்லை. வந்த வரனையெல்லாம் "செத்த நேரம் சும்மா இரும்மா" என்ற ஒரே பேச்சில் அனுப்பிவைத்தவள் ஐரின். அதனால்தான் இந்த முறை அவளிடம் மூச்சுக் காட்டாமல், பிராங்கிளின் என்ற வாத்தியார் மாப்பிள்ளையின் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வாருங்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது பார்த்தால் இடையில் ஒரு மீசைக்காரன்.

ஐரின் வேலைக்குக் கிளம்பியதும் கணவர் பாஸ்கலிடம் விஷயத்தை இறக்கி வைத்தாள்.

"அவகிட்டயே கேட்டுர்றேன்" என்றார் அவர்.

"கேட்டா ஆமான்னு சொல்லிருவா. அப்புறம் என்ன பண்றது?"

பாஸ்கல் 'ம்' என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒற்றை எழுத்தை வைத்தே குடும்பத்தைக் காப்பாற்றி வருபவர் அவர்.

ஐரின் வேலை விஷயமாகப் போய்வரும் கத்திரித் தோட்டக்காரர் ராமரின் வீட்டைத் தேடி வியாகுலம்மாள் ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறினாள். ராமர் வீட்டில் இருக்கிறான் என்றால் தங்களைப் போல வேதக்காரன் இல்லை என்பது தெரிந்துபோயிற்று. பங்குச்சாமியார் முகத்தில் எப்படி விழிப்பது, நாத்தனார் வாயை எதைக் கொண்டு அடைப்பது என்று முதலில் கொதித்தாள். பிறகு ஜன்னல் காற்றில் மனசு கொஞ்சம் இளகியது. பையன் நல்லவனாக இருந்தால் பேசிப் பார்க்கலாமே. பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து ராயப்பராஜ் என்று பேரும் வைத்துவிட்டாள்.

ராமர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் கத்திரிக்காய்க் குவியல். அவர் மனைவி கருப்பம்மாள் உட்கார்ந்து சொத்தையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் நின்றான். மீசை என்றால் மீசை, காதைத் தொடுகிற மீசை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை வேறு. வியாகுலம்மாள் மீசையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் ஐரினோட அம்மா."

"அட, மேடத்தோட அம்மாவா. உக்காருங்கம்மா. இது என் மகன் மோகன்குமாரு. எலேய், தண்ணி கொண்டா."

"இங்க ஒரு ஆண் கிடைச்சதா பேச்சு" என்றாள் வியாகுலம்மாள், குரலைத் தாழ்த்தி.

கருப்பம்மாள் முகம் பூரித்துப்போனது. "ஆமாம்மா. எங்க தகரக் கொட்டகையிலதான். மேடத்துக்கு தலகால் புரியல. ஒண்ணுன்னுதான் நெனச்சோம், எண்ணிப் பாத்தா ஒம்பது இருக்காம்."

வியாகுலம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒம்பதையும் ஒரே சீசாவுல போட்டு கொண்டு போயிருச்சு."

சீசா என்ற சொல் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் அவள் கத்திரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மோகன்குமார்தான் தண்ணீரைக் கொடுத்து விளக்கினான். கத்திரிக்காயைத் துளைக்கிற புழு, அந்துப்பூச்சியின் முட்டையிலிருந்து வருவது. அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும் ஒரு குளவி இருக்கிறது. கொட்டாது, கடிக்காது, தூசி மாதிரி இருக்கும். புழு பிறக்காது, குளவிதான் பிறக்கும். ராமர் தோட்டத்தில் ஐரின் கண்டுபிடித்த குளவி அந்த வேலையில் சூரன். ஆனால் பிறப்பதெல்லாம் பெண். எந்த வகைக் குளவியானாலும் பெண்கள் ஒன்றுபோலவே இருப்பதால், ஆணைப் பார்க்காமல் அது இன்ன இனம் என்று பெரிய நிபுணர்களாலும் சொல்ல முடியவில்லை. இன்ன இனம் என்று தெரியாததை வளர்த்து ஊருக்குக் கொடுக்க அனுமதி கிடைக்காது.

"மேடம் நிழல்ல வைக்கச் சொல்லி குடுத்த குளவி சீசாவ அப்பா தகரத்துக்கு அடியில மாட்டிட்டு மறந்துட்டாரு. அந்த வெக்கையில ரெண்டு தலமொறை பெருகி, ஆணும் பொறந்திருச்சு. சூடு பட்டாத்தான் இதுல ஆணே பொறக்குமாம். மேடம் திட்டும்னு அவரு தோட்டத்துலயே ஒளிஞ்சு கெடந்தாரு. வந்து பாத்தா மேடம் கையெடுத்துக் கும்பிடுது."

"அப்ப மீசை?"

"பூச்சிக்கு மூஞ்சில ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும்லம்மா, அதுதான். பெண்ணுக்கு மழமழன்னு இருக்குமாம். ஆணுக்கு முடி மொளச்சிருக்குமாம்."

கருப்பம்மாள் கொடுத்த ஒரு பை கத்திரிக்காயோடு வியாகுலம்மாள் ஆய்வகத்துக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் ஐரின் எழுந்தே விட்டாள்.

"என்னம்மா இங்க?"

"கத்திரிக்கா வாங்க வந்தேன்."

"நாகல் நகர்ல இல்லாத கத்திரிக்காயா?"

பொய்யை இழுத்துப் பிடிக்க இனித் தெம்பில்லை. போனில் கேட்டதிலிருந்து ராயப்பராஜ் வரைக்கும் வியாகுலம்மாள் ஒப்பித்தாள். ஐரின் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. மகள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று வியாகுலம்மாளுக்குத் தோன்றியது. மகள் கோபப்படுவாள் என்று பயந்து வந்தவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐரின் அம்மாவை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு பொன்னிறத்தில், சிவந்த கண்ணோடு ஓர் உருவம், நிஜமாகவே முடி வைத்த மீசையோடு.

"இவனுக்கா இம்புட்டு தேட்டம்?"

"பேர் தெரியணும்லம்மா."

"இத்தன நாள் இவன் இல்லாம எப்படிடி பொழச்சுதுக?"

"நல்லாத்தான் பொழச்சுதுக. தாய்க்குப் பொண்ணு, பொண்ணுக்குப் பொண்ணு."

வியாகுலம்மாள் கண்ணை எடுக்கவில்லை. அப்போது பைக்குள் போன் அடித்தது. பிராங்கிளினின் அம்மா. அந்த அம்மாளுக்குக் குரல் பெரிது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

ஐரினின் சிரிப்பு போய்விட்டது. "ஞாயித்துக்கிழம என்னம்மா?"

கர்த்தரே, ஒரு பொய் கூடவா வரக் கூடாது. வியாகுலம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம வேண்டாங்க... இல்லங்க, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நான் இன்னும் பொண்ணுகிட்ட கேக்கல... ஆமாங்க, தப்புதான். கேட்டுட்டு சொல்றேன்."

போனைப் பைக்குள் போட்டாள். ஐரின் எழுந்து வந்து, சீசாவை மாற்றி வைத்து, நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிச் சரிசெய்தாள்.

"இங்க பாரு" என்றாள்.

வியாகுலம்மாள் குனிந்தாள். மணல் போலப் பரப்பியிருந்த முட்டைகளின் மேல் ஒரு பெண் குளவி ஏறி நின்றது. கொம்பால் முட்டையைத் தட்டிப் பார்த்தது. மெதுவாக ஒரு சுற்று வந்து மறுபடி தட்டியது. பிடிக்கவில்லையோ என்னவோ, இறங்கி அடுத்த முட்டைக்குப் போனது.